கடைசி பெஞ்சுக்குக் கேட்ட குரல்

கோயம்புத்தூரிலிருந்து சத்தியமங்கலம் போகிற சாலையில் இருக்கிறது அன்னூர். மன்னீஸ்வரரைத் தரிசித்துவிட்டு, ஊருக்குச் சற்று வெளியே ஒரு நண்பருடைய தோட்டத்துச் சாளையில் இரண்டு நாள் தங்கி வரலாம் என்று போயிருந்தேன். பட்டணத்துச் சத்தம் காதில் விழாத இடம் என்று நண்பர் சொல்லியிருந்தார். அவர் சொன்னது உண்மைதான். பட்டணத்துச் சத்தம் விழவில்லை. வேறொரு சத்தம் விழுந்தது.

நண்பருடைய மகன் என்ஜினீயரிங் கல்லூரி மாணவன். கைப்பிடிக்குள் அடங்கும் ஒரு சின்ன ஒலிபெருக்கியைத் திண்ணையில் வைத்து ஏதோ பாட்டுப் போட்டான். பாட்டு என்று அவன் சொன்னதால் நானும் அப்படியே எழுதுகிறேன். முதலில் இடி, பிறகு மழை, பிறகு இரண்டுக்கும் மேலாக ஒரு மனிதன் அடிவயிற்றிலிருந்து அலறினான். தொழுவத்துக் காளை ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது.

"ஏஞ்சாமி, யாரையாச்சும் போட்டு அடிக்கறாங்களா?" என்று அடுப்படியிலிருந்து அவன் தாயார் கேட்டார்.

"இந்தக் கூப்பாட்டைக் கேக்கறதுக்கு மாசாமாசம் காசு வேற கட்டறான்" என்றார் நண்பர் என்னிடம்.

"கொஞ்சம் பொறுங்கப்பா. இனிமேல்தான் பாட்டே வருது" என்றான் பையன்.

அவன் சொன்னது போலவே நடந்தது. அலறல் சட்டென்று நின்றது. அதே குரல் நீளமான, உருக்கமான, யாரும் கூடச் சேர்ந்து பாடக்கூடிய ஒரு மெட்டை எடுத்தது. நாலு வரி பாடிவிட்டு மறுபடியும் அலறப் போய்விட்டது.

கட்டிலில் சாய்ந்திருந்த பெரியவர், நண்பருடைய தகப்பனார், தொண்ணூறை நெருங்குகிறவர், ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொன்னதைப் பிறகு சொல்கிறேன்.

பையனை அழைத்து விசாரித்தேன். இந்த வகைக்கு மெலோடிக் மெட்டல்கோர் என்று பெயராம். 'ஹார்ட்கோர்' என்ற முரட்டுச் சங்கீதமும் 'மெட்டல்' என்ற உலோகச் சங்கீதமும் கலந்து, அதன்மேல் இனிய மெட்டையும் ஏற்றியது. ஸ்வீடன் தேசத்து கோத்தன்பர்க் நகரத்து இளைஞர்கள் 1990களில் கிதாரில் வாசித்துக் காட்டிய இரட்டை மெட்டுக்களை அமெரிக்கப் பையன்கள் கேட்டு எடுத்துக் கொண்டார்கள். நாங்கள் கேட்டது கில்ஸ்விட்ச் என்கேஜ் என்ற குழுவினர் 2002-ல் வெளியிட்ட 'அலைவ் ஆர் ஜஸ்ட் பிரீதிங்' என்ற இசைத்தட்டு. மாசாசூசெட்ஸ் மாகாணத்தில் வெஸ்ட்ஃபீல்ட் என்னும் ஊர் அவர்களுடையது.

இதில் எனக்குச் சுவையாகப்பட்டது ரசிகர்களின் சண்டை. தட்டு வெளிவந்த சில மாதங்களுக்குள் அதில் பாடிய ஜெஸ்ஸி லீச், உடலும் மனமும் சோர்ந்து குழுவை விட்டு விலகினார். ஹோவர்ட் ஜோன்ஸ் என்பவர் அந்த இடத்துக்கு வந்தார். 2004-ல் அவர் குரலோடு அடுத்த தட்டு வந்தது. உடனே ரசிகர் உலகம் இரண்டாகப் பிளந்தது. "முதல் குரலில்தான் உண்மை இருந்தது, இது வெறும் இனிப்பு" என்றது ஒரு கட்சி. "இரண்டாவது குரல் வந்த பிறகுதான் பாட்டே பாட்டாயிற்று" என்றது மறு கட்சி. 2012-ல் ஜோன்ஸ் விலகி லீச் திரும்பி வந்தார். சண்டை தீரவில்லை, கட்சிகள் இடம் மாறி உட்கார்ந்தன, அவ்வளவுதான். 2019-ல் வந்த தட்டில் இரண்டு பாடகர்களும் சேர்ந்தே ஒரு பாட்டுப் பாடிவிட்டார்கள். அன்னூர்ப் பையனுடைய நண்பர்கள் இன்னும் சேரவில்லை!

இதைக் கேட்டபோது, பழைய கோயம்புத்தூர் ஜில்லாவிலேயே நடந்த ஒரு கதை எனக்கு ஞாபகம் வந்தது. அன்னூருக்குக் கிழக்கே, காவேரிக் கரையில் கொடுமுடி இருக்கிறது. 1979-ல் ஈரோட்டைத் தலைநகராகக் கொண்டு தனி ஜில்லா பிரியும் வரையில் அது கோயம்புத்தூரைச் சேர்ந்த ஊர். அங்கே 1908-ல் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் சுந்தராம்பாள். வயிற்றுக்காக ரயிலில் பாடிக்கொண்டு போன சிறுமியின் குரலை, ரயில்வே உத்தியோகஸ்தரும் நாடகப் பித்தருமான எஃப். ஜி. நடேசய்யர் கேட்டு நாடக மேடைக்குக் கொண்டு போனார் என்று சொல்வதுண்டு. அந்தக் குழந்தை மேடையில் பசியைப் பாடியபோது அழாதவர் இல்லையாம். பசியைப் பற்றி யாரும் அவளுக்குக் கற்றுக் கொடுக்க வேண்டியிருந்ததில்லை.

அந்தக் காலத்து நாடகக் கொட்டகையை இன்றைய வாசகர்கள் கொஞ்சம் கற்பனை செய்து பார்க்க வேண்டும். தென்னங்கீற்றுக் கூரை. காஸ் விளக்கு. முன்னால் நாற்காலி, அதற்குப் பின்னால் பெஞ்சு, அதற்கும் பின்னால் மணல் தரை. நாற்காலிக்காரர் ரூபாய்க் கணக்கில் கொடுத்திருப்பார். தரைக்காரர் அணாக் கணக்கில் கொடுத்திருப்பார். ஆனால் எண்ணிக்கையில் தரைக்காரர்தான் அதிகம். கொட்டகை நிறைவதும் நிறையாததும் அவர் கையில் இருந்தது. மைக் கிடையாது. குழந்தை அழும், சோடா புட்டி வெடிக்கும், வெளியே வண்டி மாடு கத்தும். இவ்வளவையும் தாண்டிக் கடைசி ஆளின் காதுக்குப் பாட்டுப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் மறுநாள் கொட்டகை காலி.

எனவே குரல் உயர்ந்தது. சுருதியைக் 'கட்டை' என்று கணக்குச் சொல்வார்கள். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற கணக்கு அது. ஆண்கள் சாதாரணமாக ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் பாடுவார்கள். பெண்களுக்கு ஐந்து கட்டையை ஒட்டி இருக்கும். செங்கோட்டைக் கிட்டப்பாவோ ஆண்பிள்ளையாக இருந்துகொண்டு பெண்கள் பாடுகிற உயரத்தில் அநாயாசமாக நின்று பாடினார். சுந்தராம்பாள் அந்த உயரத்துக்கு ஈடு கொடுத்தார்.

இருவரும் முதலில் சந்தித்தது இலங்கையில், 1920களின் நடுவில். அங்கேயும் ரசிகர்கள் இரண்டு கட்சிதான். "கிட்டப்பாவுக்கு முன்னால் இந்தப் பெண் எம்மாத்திரம்?" என்று பேசினார்களாம். சேர்ந்து நடித்தால் அடிபட்டுப் போவாய் என்று அந்த அம்மாளுக்கே எச்சரிக்கை சொன்னவர்களும் உண்டு. கட்சிக்காரர்கள் கணக்குப் போட்டுக் கொண்டிருக்கையில் பாடகர்கள் இருவரும் ஒருவர் குரலை ஒருவர் மதித்துக் கல்யாணமே செய்து கொண்டார்கள்.

அவர்களுடைய குரல்கள் கிராமபோன் தட்டுக்களில் ஏறின. இந்தத் தட்டு விஷயத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடித் தட்டுக்கள் பதிவானபோது மின்சார மைக் கிடையாது. ஒரு பெரிய புனலுக்கு எதிரே நின்று, அதற்குள் பாட்டைத் தள்ள வேண்டும். குரலின் வேகம்தான் ஊசியை அசைக்க வேண்டும். மெல்லப் பாடினால் மெழுகில் ஒன்றும் விழாது. 1925 முதல் மின்சாரப் பதிவு வந்த பிறகே அந்த நிர்ப்பந்தம் தளர்ந்தது. அப்போதும் தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷம்தான். விடிய விடியப் பாடிய பாட்டை மூன்று நிமிஷத்தில் அடைக்க வேண்டும். ஆலாபனையைச் சுருக்கி, உச்சியில் எடுத்து, உச்சியிலேயே முடித்தார்கள். ஜனங்கள் ஏகமாக வாங்கினார்கள். படித்தவர்களில் பலர் முகம் சுளித்தார்கள். நாடகப் பாட்டு என்றாலே கத்தல், மலிவு, கச்சேரிக்கு உதவாதது என்ற அபிப்பிராயம் சபைகளில் பலமாக இருந்தது.

1933 டிசம்பர் 2-ந் தேதி கிட்டப்பா காலமானார். அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு அப்போது 25. அன்று கட்டிய வெள்ளைப் புடவையை அவர் கடைசி வரையில் மாற்றவில்லை. இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் உறுதி செய்து கொண்டார். சினிமாக்காரர்கள் வந்து வற்புறுத்தினார்கள். லட்சம் ரூபாய் கேட்டால் ஓடிப் போவார்கள் என்று கேட்டார். அவர்கள் ஓடாமல் கொடுத்துவிட்டார்கள். அப்படித்தான் 1935-ல் 'பக்த நந்தனார்' வந்தது. நந்தனாராகச் சுந்தராம்பாளே ஆண் வேஷம் போட்டார். வேதியராக மகாராஜபுரம் விசுவநாதய்யர் நடித்தார்.

அபிப்பிராயம் எப்படி இருந்தது? ஆனந்த விகடனில் அந்நாளில் சங்கீதத்தையும் நாடகத்தையும் விமர்சித்து வந்த கல்கி, படத்தில் பனைமரமும் எருமை மாடும் நன்றாக நடித்திருக்கின்றன என்ற பொருள்பட எழுதித் தமிழ்நாட்டைச் சிரிக்க வைத்தார். சிரிப்பதற்கு நல்ல விஷயந்தான். ஆனால் ஒன்று யோசிக்கிறேன். கல்கி எந்த இடத்தில் உட்கார்ந்து படம் பார்த்திருப்பார்? நிச்சயமாகத் தரையில் இல்லை. விமர்சகனுக்கு என்றும் முன்வரிசை. கடைசி ஆளை எட்டுவதற்காக எழுப்பின குரல் முன்வரிசைக்காரனுக்கு மிகையாகத்தான் படும். இது கல்கியின் குற்றமும் அல்ல, பாடினவரின் குற்றமும் அல்ல. ஒரே குரல், இரண்டு இடத்துக் காதுகள். அபிப்பிராயங்களில் பாதி, நாம் உட்கார்ந்த இடத்தின் அபிப்பிராயம்தான்.

எந்தச் சங்கீதம் உயர்ந்தது என்ற கேள்வியே அப்போது பெரிய கலகமாக எழுந்தது. தமிழ்ப் பாட்டைக் கச்சேரியின் கடைசியில் துக்கடாவாகத் தள்ளாதீர்கள் என்று 1941-ல் சிதம்பரத்தில் தமிழிசை மகாநாடு கூடியது. 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியபோது அதன் முதல் தலைவராக இருந்தவர் கோயம்புத்தூர்க்காரரான ஆர். கே. சண்முகம் செட்டியார், நாலு வருஷம் கழித்துச் சுதந்திர இந்தியாவின் முதல் வரவுசெலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்த அதே செட்டியார்தான். கல்கியும் அந்த இயக்கத்தின் பக்கம் நின்றார். நாடக மேடையில் தரைக்காரர்கள் எத்தனையோ வருஷமாகக் கேட்டு உருகிக்கொண்டிருந்தது தமிழ்ப் பாட்டைத்தான் என்பதைச் சபைக்காரர்கள் சற்றுத் தாமதமாகக் கண்டுபிடித்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்குள் மைக் வந்துவிட்டது. மைக் செய்த புரட்சியை நாம் சரியாக எண்ணிப் பார்ப்பதில்லை. பாடகனுக்கும் கடைசி பெஞ்சுக்கும் இடையே இருந்த தூரத்தை அது ஒரே நாளில் அழித்துவிட்டது. இனிமேல் காதில் ரகசியம் சொல்வது போலப் பாடினாலும் போதும்.

சரி, மென்மையாகப் பாடியவர்களுக்காவது நல்ல பெயர் கிடைத்ததா? அதுதான் வேடிக்கை! அமெரிக்காவில் மைக்கின் மேல் சாய்ந்துகொண்டு முணுமுணுப்பாகப் பாடும் ஒரு கூட்டம் 1920களின் கடைசியில் கிளம்பிற்று. 1932 ஜனவரியில் பாஸ்டன் நகரத்துக் கர்தினால் ஓ'கானல், இந்தக் குழைவுப் பாட்டு ஆண்மைக்கே இழுக்கு என்று கடுமையாகக் கண்டித்தார். பாஸ்டன் இருப்பதும் மாசாசூசெட்ஸ் மாகாணத்தில்தான். எழுபது வருஷம் கழித்து அதே மாகாணத்துப் பிள்ளைகள் அலறிப் பாடினார்கள். அதற்கும் கண்டனம் கிடைத்தது. உரக்கப் பாடினாலும் குற்றம், மெல்லப் பாடினாலும் குற்றம். பாவம், பாடகர்கள் என்னதான் செய்வார்கள்!

நம் தேசத்திலும் இப்படித்தான். ஆர்மோனியம் நம் சங்கீதத்துக்கு ஒவ்வாது என்று 1940-ல் அகில இந்திய வானொலி அதைத் தள்ளி வைத்தது. 1971 வரையில் அந்த விலக்குத் தளரவில்லை. 1952-ல் சினிமாப் பாட்டுக்கும் வானொலியில் இடம் மறுத்தார்கள். ரசிகர்கள் வாதாடிக் கொண்டிருக்கவில்லை. ரேடியோவின் முள்ளைத் திருகி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். 1957-ல் விவித பாரதி தோன்றியதற்கு அந்த முள் திருகலே முக்கியக் காரணம். ரசிகனுடைய அபிப்பிராயம் சில சமயம் வாயால் வருவதில்லை, விரலால் வருகிறது.

சுந்தராம்பாளின் கதைக்கு வருகிறேன். மென்குரல்களின் யுகம் வந்த பிறகு அந்தக் குரல் மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. 1953-ல் 'அவ்வையார்', 1965-ல் 'திருவிளையாடல்'. நாற்பது வருஷத்துக்கு முன் மணல் தரையை எட்டுவதற்காக உயர்ந்த குரல், எட்ட வேண்டிய அவசியமே இல்லாத காலத்திலும் அதே உயரத்தில் நின்றது. ஒலிபதிவுக் கூடத்தில் மைக் ஒரு சாண் தூரத்தில் இருக்க, அவர் கொடுமுடிக்குக் கேட்கும்படி பாடினார். இந்தத் தடவை யாரும் கத்தல் என்று சொல்லவில்லை. 1969-ல் வந்த 'துணைவன்' படத்துக்காகச் சிறந்த பின்னணிப் பாடகி என்ற தேசிய விருது கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 61. 1970-ல் பத்மஸ்ரீ. 1980-ல் காலமானார்.

மைக் வந்த பிறகும் அவர் ஏன் குரலைத் தணிக்கவில்லை? பழக்கம் என்று சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. முதலில் பிறருடைய காதுக்காக உயர்ந்த குரல், பின்னால் உள்ளே இருந்த ஒன்றுக்காக அந்த உயரத்திலேயே தங்கிவிட்டது என்று நினைக்கிறேன். இருபத்தைந்து வயதில் வெள்ளைப் புடவை கட்டிய ஒருத்தி அதற்கப்புறம் 47 வருஷம் உயிர் வாழ்ந்தாள். அந்தத் துக்கத்தைக் காதோடு காதாகச் சொல்ல முடியுமா?

மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு அலறும் அமெரிக்கக் குரலுக்கும் இதே கேள்வியைப் போட்டுப் பார்க்கலாம். அந்த அலறலும் நினைத்தபடி கத்துவதல்ல என்று பையன் விளக்கினான். குரல்நாண்களுக்கு மேலே இருக்கும் மடிப்புக்களை அதிரவிட்டு, மூச்சை அடக்கிச் செய்யும் வித்தை அது; முறை தவறினால் தொண்டை போய்விடும். லீச் 2018-ல் தொண்டையில் சிகிச்சை செய்துகொண்டு, புதிதாகப் பயின்று பாட வேண்டியிருந்தது. இவ்வளவு கஷ்டப்பட்டு ஒருவன் கத்துகிறான் என்றால், தூரத்தில் இருப்பவனுக்குக் கேட்பதற்காக அல்ல. தணிந்த குரலில் சொன்னால் பொய்யாகிவிடும் என்று அவன் கருதுகிற ஏதோ ஒன்று இருக்கிறது.

கொடுமுடி அம்மாளையும் வெஸ்ட்ஃபீல்ட் இளைஞரையும் ஒரே தராசில் நிறுத்துகிறேன் என்று யாரும் கோபித்துக் கொள்ள வேண்டாம். ராகமும் பக்தியும் பயிற்சியும் வேறு வேறு. நான் நிறுத்துவது பாடியவர்களை அல்ல, கேட்டவர்களை. எண்பது வருஷ இடைவெளியில் கேட்டவர்கள் சொன்ன வார்த்தைகள் மட்டும் மாறவில்லை. "கத்தல்." "முன்னே இருந்தவர் போல வருமா?" "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதுதான் பிடிக்கிறது."

மறுநாள் இரவு சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். பெரியவர் தாமாகவே பேச்சை எடுத்தார்.

"எங்கய்யன் சொல்லுவாருங்க, கொடுமுடியம்மா நாடகம் போட்டா நாலு காடு தாண்டிக் கேக்குமுன்னு. எங்காத்தா அதை ஒத்துக்கவே மாட்டா. பொம்பளை இப்படிக் கூப்பாடு போடலாமாம்பா. அப்புறம் டூரிங் கொட்டாயில அவ்வையார் வந்துச்சு. எனக்கு அப்பப் பதினாறு வயசிருக்கும். ஆத்தாளையும் வண்டி கட்டிக் கூட்டிட்டுப் போனோமுங்க. படம் முடிஞ்சு வண்டியில வர்றப்ப வழி நெடுக ஒரு வார்த்தை பேசல. தோட்டத்துக்கு வந்து இறங்கிட்டு, அந்தம்மாளுக்கு எத்தனை சங்கடம் இருந்திருந்தா இப்படிப் பாடுவான்னா."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதையை உடுக்கடித்து இரவு முழுவதும் பாடுவார்களே, அதில் போர் வரும்போது குரல் உறுமும், தங்கை அழும்போது அதே குரல் உருகும். அதை நினைத்துக் கொண்டேன். உறுமலும் உருக்கமும் ஒரே தொண்டையிலிருந்து வருவது இந்த மண்ணுக்குப் புதிது அல்ல.

பெரியவர் பேரனைப் பார்த்தார். "கண்ணு, நேத்து வெச்சயே அந்தப் பாட்டு, அதை இன்னொருக்கா வையி. மெதுவா வையி, மாடு மிரளுது."

பையன் நம்ப முடியாமல் போட்டான். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு அலறலையும் கேட்டார், மெட்டையும் கேட்டார். அவருக்கு ஒரு வார்த்தை புரிந்திராது. பாட்டு முடிந்ததும் கேட்டார்:

"ஏங் கண்ணு, இந்தப் பையனுக்கு என்ன வருத்தமாம்?"

பேரன் பாட்டின் பொருளைச் சொல்ல ஆரம்பித்தான். மணி பதினொன்று ஆகியும் சொல்லிக் கொண்டே இருந்தான். அவனுடைய அப்பாவும் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.